வாடகை வீட்டுக்கு வருடச் செலவுத் திட்டம்: பெங்களூரு வீட்டு ஓனர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் 30×40 சைட்டில் வீடு கட்டி, இரண்டு மூன்று குடித்தனம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அல்சூர், விவேக் நகர், ராமமூர்த்தி நகர், கே.ஆர்.புரம் பக்கம் நம்மவர்கள் பலருக்கு இப்படி ஒரு கட்டிடம்தான் ஓய்வுக்கால வருமானம். ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மாறுபடும் இடத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று பலருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என்ன செலவு வரும் என்று எல்லோருக்கும் ஓரளவு தெரிகிறது. அது எந்த மாதம் வரும், அன்றைக்குக் கையில் என்ன இருக்கும் என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது, ஒரு வருட பெஸ்காம் மின்சார பில், தண்ணீர் வாரிய பில், வாடகை ஒப்பந்தங்கள், கடன் இருந்தால் வங்கி தரும் வட்டிச் சான்று. இவற்றோடு பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயின்டருக்குப் பணம் அனுப்பிய விவரங்களை யுபிஐ பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நினைவில் இருந்து எழுத வேண்டாம். பெரிய தொகை நினைவில் நிற்கும். 400, 700 என்று போனவை நிற்காது. வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அந்தச் சின்னத் தொகைகள் ஒரு மாத வாடகைக்குப் பக்கத்தில் வந்து நிற்பது சாதாரணம்.

2. பணத்தை முதலில் பிரியுங்கள்

வாடகைக்கென்று தனி சேமிப்புக் கணக்கு ஒன்று வேண்டும். வாடகை அங்கேதான் வர வேண்டும், கட்டிடத்துக்கான செலவு அங்கிருந்துதான் போக வேண்டும். வீட்டுச் செலவுக்கு மாதம் ஒருமுறை ஒரே தொகையை உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கிலேயே வாடகையும் வந்து விழுந்தால், கட்டிடத்துக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது அட்வான்ஸ். பெங்களூரில் ஒரு காலத்தில் பத்து மாத வாடகை வாங்குவது வழக்கம். இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதமாகக் குறைந்திருக்கிறது. எத்தனை மாதமாக இருந்தாலும் அது உங்கள் பணம் அல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். புதிதாகக் கணக்கு போடுபவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். அட்வான்ஸை எடுத்து மேல் மாடி கட்டிவிடுவார்கள். ஒரு மே மாதம் இரண்டு குடித்தனம் ஒரே நேரத்தில் காலி செய்யும்போது கைமாற்று தேடி அலைவார்கள்.

ஒவ்வொரு வீட்டு அட்வான்ஸையும் தனித்தனி எஃப்டியாகப் போடுங்கள். மொத்தமாக ஒரே எஃப்டியில் போட்டால், ஒருவர் காலி செய்யும்போது முழுவதையும் முறிக்க வேண்டி வரலாம். தனித்தனியாக இருந்தால் அந்த வீட்டு எஃப்டியை மட்டும் எடுத்தால் போதும். வரும் வட்டி உங்களுடையது. அதற்கு வரியும் உண்டு.

லீஸுக்கு விட்டிருந்தால், அதாவது போக்கியமாக மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விட்டிருந்தால், அந்த வீட்டிலிருந்து மாதவரவு பூஜ்யம் என்றே எழுதுங்கள். ஆனால் அந்த வீட்டின் பராமரிப்புச் செலவு குறையாது. அதை மற்ற வீடுகளின் வாடகைதான் சுமக்க வேண்டும்.

3. கட்டிடத்தைச் சுற்றி வந்து பட்டியல் எடுங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் போதும். மொட்டை மாடியில் தொடங்கிக் கீழே சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) வரைக்கும் வாருங்கள். தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறது, பழுதும் அப்படியே. கீழ் வீட்டுச் சுவரில் தெரியும் ஓதத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கும்.

மொட்டை மாடியில் மழை விட்ட மறுநாள் ஏறிப் பார்ப்பது நல்லது. ஓவர்ஹெட் டேங்க் மேடைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கிறதா? மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் குல்மோகர் இலையும் மண்ணும் அடைத்திருக்கிறதா? பராபெட் சுவர் தரையைத் தொடும் மூலையை விரலால் தடவிப் பாருங்கள். மயிரிழை அளவு விரிசல் அங்கேதான் முதலில் வரும், பெரும்பாலான ஒழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். பூச்சை ஒரு நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று இல்லாமல் பொத்தென்று சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள்.

அப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் பாத்ரூம் பக்கத்து அறையின் சுவர், கீசர், ஃப்ளஷ் டேங்க், சிங்க் அடியில் உள்ள குழாய். வெளியே படிக்கட்டு விளக்கு, மீட்டர் போர்டு, கழிவுநீர் சேம்பர் மூடி, சம்ப் மோட்டார், போர் (போர்வெல்) மோட்டார்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: கடைசியாக எந்த வருடம் செய்தது, இன்றைக்குச் செய்தால் எவ்வளவு ஆகும், இன்னும் எத்தனை வருடம் தாங்கும். மூன்றாவது தெரியாவிட்டால் வேலை செய்பவரிடம் கேளுங்கள். கடைசியாகச் செய்த வருடத்தை மட்டும் எப்படியாவது கண்டுபிடித்துவிடுங்கள். ஐந்தாம் படி முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது.

4. வருடம் தவறாமல் வரும் செலவுகள்

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கட்டிடத்தை எடுத்துக்கொள்வோம். தரைத்தளமும் இரண்டு மாடியும், மூன்று வீடு. வாடகை 20,000, 22,000, 18,000. மாதம் 60,000, வருடத்துக்கு 7,20,000 ரூபாய். இனி வரும் தொகைகள் கணக்கு போட்டுக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சொத்து வரி 18,000. குப்பைக் கட்டணம் 1,800. படிக்கட்டு விளக்கு, மோட்டாருக்கான பொது மீட்டர் மாதம் 1,200 வீதம் 14,400. படி கூட்டித் துடைப்பவருக்கு மாதம் 1,500 வீதம் 18,000. சம்ப், டேங்க் கழுவுவது வருடம் இருமுறை, 6,000. கோடையில் டேங்கர் தண்ணீர் 12,000. பிளம்பர், எலக்ட்ரீஷியன் சில்லறை வேலை 18,000. கட்டிடக் காப்பீடு 4,000. மொத்தம் 92,200.

சொத்து வரி: கந்தாயத்தை ஏப்ரலிலேயே முழுமையாகக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. கடைசித் தேதியை நீட்டிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம், நீட்டிப்பை நம்பித் திட்டம் போட முடியாது. 2025 ஏப்ரலிலிருந்து குப்பைக்கான கட்டணமும் கட்டிடப் பரப்பைப் பொறுத்துச் சொத்து வரியோடு சேர்ந்தே வருகிறது. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியான பிபிஎம்பி போய் கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டதால், உங்கள் தெரு எந்த மாநகராட்சியில் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

இங்கே நிறையப் பேர் செய்யும் தவறு ஒன்று உண்டு. முன்பு தாங்கள் குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்ட பிறகும், வரிப் படிவத்தில் சொந்தக் குடியிருப்பு என்றே விட்டுவிடுவது. வாடகைக்கு விட்ட பகுதிக்கு வரி விகிதம் அதிகம். பின்னால் கண்டுபிடித்தால் வித்தியாசத் தொகையோடு அபராதமும் வட்டியும் சேர்ந்து வரும். எந்தத் திட்டத்திலும் அதற்கு இடம் ஒதுக்க முடியாது. சரியாக எழுதிக் கட்டிவிடுங்கள்.

தண்ணீர்: பெங்களூரு வீட்டு ஓனரின் திட்டத்தைக் கவிழ்ப்பது இதுதான். 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றியபோது டேங்கர் விலை தாறுமாறாக ஏறி, மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயிக்க வேண்டி வந்தது. 6,000 லிட்டர் டேங்கருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று அப்போது உத்தரவு போட்டார்கள். அந்த அக்டோபரில் காவேரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் திறந்த பிறகு புறநகரில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. ஆனாலும் காவேரி வராத நாளில் போர், போர் இல்லாத நாளில் டேங்கர் என்ற நிலை பல தெருக்களில் அப்படியே இருக்கிறது. காவேரித் தண்ணீர்க் கட்டணமும் 2014-க்குப் பிறகு முதல்முறையாக 2025 ஏப்ரலில் உயர்ந்தது.

ஆகவே மார்ச் முதல் மே வரைக்கும் டேங்கருக்கென்று ஒரு தொகை ஒதுக்கியே ஆக வேண்டும். நம் உதாரணத்தில் மாதம் 4,000 வீதம் மூன்று மாதத்துக்குப் போட்டிருக்கிறேன். ஒரு வருடம் செலவாகாவிட்டால் அதைத் தனியாகவே வைத்திருங்கள், மழை பொய்த்த வருடத்துக்கு உதவும்.

மோட்டார் போடும் நேரத்தையும் கவனியுங்கள். குடியிருப்பவர்கள் அதே பேர்தான், ஆனால் நாளுக்கு இரண்டு முறை ஓடிய மோட்டார் மூன்று முறை ஓடுகிறது என்றால், ஏதோ ஒரு வீட்டில் ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் கசிய வாய்ப்பு அதிகம். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கலர் பொடி கலந்துவிட்டு, யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோப்பையில் கலர் இறங்கியிருந்தால் கசிவு அங்கேதான். மாற்ற வேண்டிய வாஷர் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். விட்டால் கரண்ட் பில், தண்ணீர் பில், மோட்டார் ஆயுள் மூன்றையும் தின்றுவிடும்.

காப்பீடு: கட்டுமானத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு மட்டும் எடுங்கள். சைட்டின் சந்தை விலையைச் சேர்த்துப் பிரீமியம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். நிலம் தீப்பிடித்துப் போகாது.

சேம்பர் அடைத்தால் இயந்திரம் வைத்து எடுப்பவர்களை மட்டுமே கூப்பிடுங்கள். ஆளை உள்ளே இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. சில நூறு ரூபாய் மிச்சம் பார்க்கும் இடம் அது இல்லவே இல்லை.

5. சில வருடங்களுக்கு ஒருமுறை வரும் பெரிய செலவுகள்

திட்டத்தின் மையம் இந்தப் படி. இதை விட்டுவிட்டு நான்காம் படியோடு நிறுத்தியவர்கள்தான், வாடகை நன்றாக வருகிறதே, பணம் எங்கே போகிறது என்று கேட்கிறார்கள்.

முதல் கணக்கு எளிது. ஆகும் தொகையை ஆயுளால் வகுப்பது. நம் உதாரணக் கட்டிடத்தில்:

வெளிப்புறப் பெயின்ட் 1,50,000, ஐந்து வருடம்: வருடத்துக்கு 30,000. மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங் 60,000, ஐந்து வருடம்: 12,000. வீடுகளின் உள்பெயின்ட், ஒரு வீட்டுக்கு 25,000 வீதம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை: 25,000. பாத்ரூம் குழாயும் டைலும் மாற்ற 2,10,000, பதினைந்து வருடம்: 14,000. போர் மோட்டார் 48,000, எட்டு வருடம்: 6,000. மூன்று கீசர் 27,000, ஒன்பது வருடம்: 3,000. சம்ப் மோட்டார் 12,000, ஆறு வருடம்: 2,000. ஓவர்ஹெட் டேங்க் 15,000, பத்து வருடம்: 1,500. கூட்டினால் 93,500.

இது புதுக் கட்டிடத்துக்குத்தான் சரி. உங்கள் கட்டிடத்துக்கு ஏற்கனவே வயது ஆகியிருக்கும். வாட்டர் ப்ரூஃபிங் செய்து நான்கு வருடம் ஆகிவிட்டது, இதுவரை ஒன்றும் சேர்க்கவில்லை என்றால் உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரே வருடம். வருடத்துக்கு 12,000 சேர்த்தால் போதாது. இந்த ஒரு வருடத்திலேயே 60,000 வேண்டும். மாதம் 1,000 என்று நினைத்தது 5,000 ஆகிவிடும்.

எனவே சரியான கணக்கு இது: ஆகும் தொகையில் ஏற்கனவே சேர்த்ததைக் கழித்து, மிச்சம் இருக்கும் வருடங்களால் வகுக்க வேண்டும். பெயின்ட் அடித்து மூன்று வருடம் ஆகிவிட்டது, கையில் ஒன்றுமில்லை என்றால், இரண்டு வருடத்தில் 1,50,000, வருடத்துக்கு 75,000. இந்த இரண்டு வேலைக்கு மட்டும் முதல் வருடத்தில் கூடுதலாக 93,000 வேண்டியிருக்கிறது. பார்க்க மலைப்பாக இருக்கும். ஆனால் மழை வந்த பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது நல்லது.

அவ்வளவு முடியாது என்றால் எதைத் தள்ளிப்போடலாம்? பெயின்டைத் தள்ளலாம், வாட்டர் ப்ரூஃபிங்கைத் தள்ளக் கூடாது. பெயின்ட் மங்கினால் பார்வைக்குத்தான் குறை. தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பும், பூச்சு பெயர்ந்து விழும், மேல் வீட்டில் யாரும் குடியிருக்க மாட்டார்கள். 60,000 ரூபாய் வேலை சில வருடத்தில் பல லட்ச ரூபாய் வேலையாகிவிடும். மீட்டர் போர்டு, எர்த்திங், வயரிங் சம்பந்தப்பட்ட எதையும் தள்ளவே கூடாது.

6. வீடு காலியாக இருக்கும் மாதங்கள்

பன்னிரண்டு மாத வாடகையும் வரும் என்று எழுதுவது எல்லோரும் செய்யும் தவறு. ஒவ்வொரு வீடும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வையுங்கள். நம் உதாரணத்தில் வருடத்துக்கு 30,000. உங்கள் தெருவில் ஐடி கம்பெனியில் வேலை செய்யும் பசங்கள் அதிகம் என்றால் ஆள் மாறுவதும் அதிகம். இந்தத் தொகையைக் கூட்டுங்கள்.

காலி ஆவதற்கும் ஒரு காலம் உண்டு. பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் நிறையப் பேர் வீடு மாறுவார்கள். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ கன்னடர்களுக்கு ஆஷாடம் பிறக்கும். அது முடிவதற்குள் நமக்கு ஆடி வந்துவிடும். இரண்டு பேருமே அந்த மாதத்தில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஜூன் முடிவில் காலியான வீடு ஆகஸ்ட் நடுவில், ஆவணி பிறக்கும் வரை டோலெட் போர்டோடு நிற்க வாய்ப்பு அதிகம். மார்கழியிலும் அப்படித்தான்.

ஆகவே ஒப்பந்தம் புதுப்பிக்கும் பதினோரு மாதக் கணக்கு எந்த மாதத்தில் முடிகிறது என்று பாருங்கள். ஜூனில் முடிகிறது என்றால், அடுத்த முறை இருவரும் பேசி மார்ச் அல்லது ஏப்ரலுக்கு நகர்த்திக்கொள்ளலாம். அதேபோல, ஆடியில் நல்ல குடும்பம் ஒன்று வந்து, வாடகையில் 1,000 குறைத்துக் கேட்டால், என் கருத்து கொடுத்துவிடலாம் என்பதே. 22,000 ரூபாய் வீடு ஒரு மாதம் காலியாக நின்றால் போகும் தொகை, அந்தக் குறைப்பால் இருபத்திரண்டு மாதத்தில் போகும் தொகைக்குச் சமம்.

7. எல்லாவற்றையும் கூட்டுங்கள், பிறகு மாதவாரியாகப் பரப்புங்கள்

92,200, 93,500, 30,000. மொத்தம் 2,15,700. வாடகையில் கிட்டத்தட்ட 30 சதவீதம். மாதத்துக்கு 17,975 கட்டிடத்தின் பங்கு, மீதி 42,025. கடன் தவணையும் வருமான வரியும் இந்த 42,025-லிருந்துதான் போக வேண்டும்.

இங்கே நிறுத்திவிட்டால் வருடத் திட்டம் மட்டும்தான் கிடைத்திருக்கிறது. பணப்புழக்கம் என்பது வேறு. ஒரு பெரிய தாளில் ஏப்ரலிலிருந்து மார்ச் வரை பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொரு செலவையும் அது உண்மையில் வெளியே போகும் மாதத்தில் எழுதுங்கள்.

ஏப்ரல் மாதக் கட்டத்தை மட்டும் பார்ப்போம். சொத்து வரி 18,000, குப்பை 1,800, பொது மீட்டர் 1,200, துப்புரவு 1,500, டேங்கர் 4,000, சம்ப் கழுவ 3,000, சில்லறை வேலை 1,500. மொத்தம் 31,000. ஒதுக்கியதோ 17,975. முதல் மாதத்திலேயே 13,025 குறைகிறது. வருடக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏப்ரலில் பணம் இல்லை. இதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்களை நான் ஏப்ரலில் தொடங்க விடுவதில்லை. அக்டோபரில் ஒதுக்க ஆரம்பித்தால், ஏப்ரல் வரும்போது கணக்கில் கொஞ்சம் நிற்கும்.

வேலைகளை எந்த மாதத்தில் போடுவது என்பதையும் இந்தத் தாள் சொல்லிவிடும். பெங்களூரில் செப்டம்பர்தான் அதிக மழை பெய்யும் மாதம். அக்டோபரும் லேசில் விடாது. ஏப்ரல், மே மாதங்களிலேயே கோடை மழை கொட்டும். அதனால் வாட்டர் ப்ரூஃபிங், பூச்சு வேலை, வெளிப்பெயின்ட் ஆகியவற்றை ஜனவரி, பிப்ரவரியில் முடியுங்கள். தளம் நன்றாகக் காய்ந்திருக்கும். மார்ச்சுக்குத் தள்ளினால் இன்னொரு சிக்கல்: சிமெண்ட் வேலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆற வைக்க வேண்டும், அப்போது சம்பில் தண்ணீர் இருக்காது. டேங்கர் வாங்கிச் சுவருக்கு ஊற்ற வேண்டி வரும்.

மே மாதக் கடைசியில் மாடிக் குழாய் வாய்களைச் சுத்தம் செய்வது, மழைநீர் சேகரிப்பு வடிகட்டியைக் கழுவுவது. செலவு சொற்பம்தான், ஆனால் தாளில் எழுதாவிட்டால் மறந்துபோகும்.

இவற்றுக்கு மேல் அவசரத்துக்கு இரண்டு மாத மொத்த வாடகை, அதாவது 1,20,000, இருப்பாக நிற்க வேண்டும். ஒரே மாதத்தில் போர் மோட்டார் எரிந்து ஒரு வீடும் காலியானால் தாங்குவதற்கு அந்த அளவு வேண்டும். அட்வான்ஸ் எஃப்டிகளை இந்த இருப்பில் சேர்த்து எண்ணாதீர்கள்.

8. வருமான வரிக்கு ஒதுக்குவது

வாடகை 7,20,000-ல், அந்த வருடத்தில் நீங்கள் கட்டிய சொத்து வரி 18,000 போக 7,02,000. அதில் 30 சதவீதம், 2,10,600, சட்டம் தரும் நிலையான கழிவு. மீதி 4,91,400 உங்கள் வருமானத்தில் சேரும். கடன் இருந்தால் வட்டியும் கழியும்.

இந்த 30 சதவீதத்துக்கு பில் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு ரூபாயும் கழிக்க முடியாது. பெயின்ட், பாத்ரூம் என்று 4 லட்சம் செலவான வருடத்திலும் வரி அதே 4,91,400-க்குத்தான். செலவு அதிகமான வருடத்தில் வரி குறையும் என்று எண்ணி மார்ச்சில் கை வைக்க இடமில்லாமல் போகிறவர்கள் உண்டு. வரிப் பங்கையும் மாதாமாதம் தனியே வைப்பதுதான் வழி.

பழைய வரி முறையில், வட்டியால் வரும் வீட்டு நஷ்டத்தை வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பளம் போன்ற மற்ற வருமானத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அது முடியாது. கடன் பெரிதாக உள்ளவர்கள் இதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வருட வரி 10,000-ஐத் தாண்டினால் முன்கூட்டிய வரி ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகிய தேதிகளில் கட்ட வேண்டும். அந்த நான்கு கட்டத்திலும் எழுதுங்கள். அறுபது வயது தாண்டி, தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு இது தேவையில்லை. ஆனால் ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்ட வேண்டும்.

9. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

கணக்கு முடிந்த பிறகுதான் ஒப்பந்தத்துக்கு வர வேண்டும். எந்தச் செலவு எவ்வளவு என்று தெரிந்தால்தான் எதை யார் ஏற்பது என்று நியாயமாகப் பேச முடியும்.

டேங்கர் தண்ணீரை எப்படிப் பிரிப்பது, வீட்டுக்கு இவ்வளவா தலைக்கு இவ்வளவா என்று எழுதுங்கள். சில்லறைப் பழுது எந்தத் தொகை வரை குடியிருப்பவர், அதற்கு மேல் நீங்கள் என்று எழுதுங்கள். காலி செய்யும்போது பெயின்டுக்காக ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது பெங்களூரில் வழக்கமாக இருக்கிறது. பிடிப்பதாக இருந்தால் முதலிலேயே எழுதிவிடுங்கள், பிடித்தால் பெயின்டும் அடியுங்கள். பிடித்துவிட்டு அப்படியே அடுத்தவருக்கு விடுவது சரியல்ல.

நோட்டீஸ் காலம் இரண்டு மாதம் இருக்கட்டும். ஒரு மாதம் என்றால், அவர் அட்வான்ஸைக் கொடுக்க வேண்டிய நாளுக்கும் அடுத்தவர் அட்வான்ஸ் தரும் நாளுக்கும் இடைவெளி விழும். சாவி வாங்கும் அன்றே மீட்டர் ரீடிங் படம் எடுத்து, கணக்கு முடித்து, மீதியை வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள். அவருக்கு அடுத்த வீட்டு அட்வான்ஸுக்கு அந்தப் பணம்தான் வேண்டியிருக்கும்.

10. ஃபிளாட்டாக இருந்தால்

மொட்டை மாடி, லிஃப்ட், சம்ப் எல்லாம் ஃபிளாட் உரிமையாளர் சங்கத்தின் பொறுப்பு. அவற்றுக்காக நீங்கள் கட்டுவது மாத மெயின்டனன்ஸ் மட்டும். வீடு காலியாக இருக்கும் மாதத்திலும் அதை நீங்கள்தான் கட்ட வேண்டும், ஆகவே ஆறாம் படியில் வாடகை இழப்போடு இதையும் சேருங்கள். மெயின்டனன்ஸ் மாதம் 7,500-ஐத் தாண்டி, சங்கத்தின் வருட வரவும் 20 லட்சத்துக்கு மேல் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி வரும்.

சங்கம் திடீரென்று வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பது பெயின்டுக்கும் லிஃப்டுக்கும்தான். பொதுக்குழுவில் வரவுசெலவு வாசிக்கும்போது கையிருப்பு நிதி எவ்வளவு என்று கேளுங்கள். அது குறைவு, கட்டிடமோ பத்து வருடம் தாண்டியது என்றால், உங்கள் பங்கை ஐந்தாம் படியில் நீங்களே சேர்க்கத் தொடங்குங்கள்.

11. ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு வருடமும்

மாதம் பத்தாம் தேதி வாக்கில் கால் மணி நேரம் போதும். வாடகை வந்ததா, கட்டிடப் பங்கு ஒதுக்கியாயிற்றா, தாளில் எழுதியதற்கும் செலவானதற்கும் எவ்வளவு வித்தியாசம். இரண்டு மாதம் தொடர்ந்து ஒரே இனத்தில் மீறினால் தொகையை மாற்றுங்கள், அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று விடாதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில் மழை ஓய்ந்ததும், மூன்றாம் படியை மறுபடி செய்யுங்கள். அந்த மழையில் எங்கே ஓதம் புதிதாக வந்தது என்று சுவரே காட்டும். டிசம்பரில் பெயின்டர், மேஸ்திரி, பிளம்பரிடம் புது விலை கேட்டு ஐந்தாம் படியில் உள்ள தொகைகளைத் திருத்துங்கள். ஐந்து வருடத்துக்கு முன் கேட்ட விலையை வைத்துக்கொண்டு சேர்த்தால், வேலை வரும்போது கட்டாயம் குறையும். வாடகையைப் புதுப்பிக்கும்போது 5 சதவீதம் ஏற்றுவதுதான் இங்கே பரவலான வழக்கம். உங்கள் செலவு அதைவிட வேகமாக ஏறியிருந்தால், திருத்திய தாளைக் குடியிருப்பவரிடம் காட்டியே பேசலாம். டேங்கருக்கும் மோட்டாருக்கும் எவ்வளவு போனது என்று கண்ணால் பார்த்தவரிடம் பேச்சு சீக்கிரம் முடியும்.